மதியமானால் இறங்கும் பிரஷர்

அன்புள்ள ஐயா,

எங்கள் 100 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரஷரை மாற்ற ஒரு புரொபோர்ஷனல் ரிலீஃப் வால்வு இருக்கிறது. அதன் காயிலை பி.எல்.சி.யின் (மெஷின் கண்ட்ரோலரின்) பி.டபிள்யூ.எம். அவுட்புட்டில் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் அவுட்புட்) ஒரு மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) போர்டு போட்டு ஓட்டுகிறோம். 30 சதவீத டூட்டிக்கு, அதாவது நேரத்தில் 30 சதவீதம் ஆனாக இருந்தால், காலையில் 160 பார் வருகிறது. மதியம் அதே டூட்டிக்கு 125 பார்தான். எண்ணெய் மாற்றினோம், வால்வைக் கழற்றிக் கழுவினோம், பலனில்லை. புது வால்வு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச.,

வாங்க வேண்டாம். உங்கள் வால்வு சொன்னபடி கேட்கிறது; அதற்குப் போகும் கரண்ட்தான் குறைந்துவிடுகிறது.

இவ்வகை சொலினாய்டின் (காயிலும் அதற்குள் நகரும் ஆர்மேச்சர் என்ற இரும்பும் சேர்ந்தது) தள்ளுவிசை கரண்டைப் பொறுத்தது. டூட்டியை நிலையாக வைத்தால் நிலைப்பது சராசரி வோல்டேஜ் மட்டுமே. காயில் 20 டிகிரியில் 5 ஓம் என்று வையுங்கள். 24 வோல்ட்டில் 30 சதவீதம் 7.2 வோல்ட், அதாவது 1.44 ஆம்பியர். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். காயில் 90 டிகிரிக்குச் சூடானால் 6.4 ஓம், கரண்ட் 1.13 ஆம்பியர். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. உங்கள் பிரஷரும் ஏறக்குறைய அதே அளவுதான் விழுந்திருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. காலையில் ஓட்டுமுன் காயிலின் பிளக்கைக் கழற்றி ஓம் அளந்து எழுதி வையுங்கள். மதியம் பிரஷர் விழுந்ததும் சப்ளையை நிறுத்தி, சூடு ஆறுமுன் மறுபடி அளந்து பாருங்கள். சோதனைக்கென்று இந்தக் காயிலில் 24 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். 5 ஓம் காயில் 4.8 ஆம்பியர் இழுத்துக் கருகிவிடும்.

தீர்வு, கரண்டை அளந்து தானே டூட்டியைத் திருத்தும் ஆம்ப்ளிஃபயர். காயில் பிளக்கின் மேலேயே உட்காரும் வகையும் உண்டு, பேனலில் ரெயிலில் மாட்டும் வகையும் உண்டு. பி.எல்.சி.யின் அனலாக் அவுட்புட்டிலிருந்து 0–10 வோல்ட் அல்லது 4–20 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும். இருக்கிற போர்டிலேயே ஷன்ட் (கரண்டை அளக்கும் சிறு தடை) போட்டு, அளந்த கரண்டைப் பார்த்து டூட்டியைத் திருத்தும் பி.ஐ. லூப்பை பி.எல்.சி.யில் எழுதலாமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பி.எல்.சி. புரோகிராமை ஒரு சுற்று ஓட்ட எடுக்கும் 10 மில்லிசெகண்ட் ஸ்கேன் இதற்கு மந்தம். அதோடு, பலரும் ஷன்ட்டை மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் வைக்கிறார்கள். மாஸ்ஃபெட் அணைந்திருக்கும்போது கரண்ட் காயிலுக்குக் குறுக்கே உள்ள ஃப்ரீவீல் டயோடு வழியாகச் சுற்றுகிறது. அந்த ஷன்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. 30 சதவீத டூட்டியில் உண்மைக் கரண்டில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத்தான் காட்டும். ஷன்ட் காயிலோடு தொடராக, டயோடு சுற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் போட்டபின் வயரிங்கில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காயிலின் இரண்டு வயரும் ஆம்ப்ளிஃபயருக்கே திரும்ப வேண்டும். பழக்கதோஷத்தில் ஒன்றைப் பொது மைனஸில் சேர்த்துவிட்டால், மைனஸ் பக்கம் அளக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் தெரியாது. அது முழு டூட்டிக்கு ஏறிவிடும். எல்.இ.டி., டயோடு வைத்த காயில் பிளக்கையும் எடுத்துவிட்டுச் சாதா பிளக் போடுங்கள். அனலாக் சிக்னலுக்கு ஷீல்டு கேபிள்.

செட்டிங்கில் முதலில் அதிகபட்சக் கரண்டை வால்வின் டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும் அளவுக்குள் பூட்டுங்கள். பிறகு சிக்னலை மிகக் குறைவாக வைத்து, கேஜ் முள் அசையத் தொடங்கும் வரை குறைந்தபட்சக் கரண்டை ஏற்றி, ஒரு துளி இறக்குங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும் ஆம்ப்ளிஃபயர்களும் உண்டு. எனவே அதிகபட்சத்தை இன்னொரு முறை பாருங்கள். டிதர் (ஆர்மேச்சர் ஒட்டாமலிருக்கக் கரண்டில் சேர்க்கும் சிறு அதிர்வு) 100–200 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். அதன் வீச்சு குறைவாக இருந்தால் ஆர்மேச்சர் உராய்வில் ஒட்டிக்கொள்ளும்: ஏறும்போது ஒரு பிரஷர், இறங்கும்போது வேறு பிரஷர். வீச்சு அதிகமானால் கேஜ் முள் நடுங்கும், பைப் அதிரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரஷர் ஊசலாடினால் எலக்ட்ரானிக்ஸைத் திட்டாமல் காற்றைத் தேடுங்கள். வால்வைக் கழற்றிக் கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆர்மேச்சர் அறையில் காற்று தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிரஷரை மிகக் குறைவாக வைத்து, சொலினாய்டின் முனையிலுள்ள ஏர் பிளீட் ஸ்குருவை மெல்லத் தளர்த்தி, குமிழி இல்லாத எண்ணெய் வந்ததும் இறுக்குங்கள்.