விரல் பட்டதும் நிற்கிற டேபிள் சா: அதை நம்பி பிளேடை மூடும் கார்டைக் கழற்றலாமா?

கேள்வி: சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன், 10 அங்குல டேபிள் சா (மேசை நடுவே பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பம்). ஒரு குறுகலான சட்டத்தை நீளவாக்கில் அறுக்கும்போது கட்டை திடீரென்று எகிறி என் விலாவை உரசிக்கொண்டு பறந்தது, கை பிளேடுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் போய் நின்றது. விரல் பட்டதும் பிளேடு தானாக நின்றுவிடும் மெஷின் உண்மையிலேயே வேலை செய்யுமா? அந்த சென்சாரை மட்டும் வாங்கி என் பழைய மெஷினில் மாட்டலாமா? கார்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருக்கிறேன், அதற்குப் பதிலாகக் கையுறை போட்டால் போதுமா?

பதில்: கையுறையை முதலில் முடித்துவிடுவோம், போடவே போடாதீர்கள். அதன் ஒரு நூல் பல்லில் மாட்டினாலும் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். தொங்கும் சட்டைக் கை, மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தானாக நிற்கும் மெஷின் வேலை செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ் 1999-ல் யோசித்தது இது, சாஸ்டாப் என்ற பெயரில் 2004-ல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் எப்போதும் ஒரு மிகச் சிறிய மின் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் அதைப் பெரிதாக மாற்றாது, ஆனால் ஈரமும் உப்பும் உள்ள நம் உடம்பு தொட்டால் சிக்னல் சட்டென்று இறங்கும். உடனே ஒரு மெல்லிய கம்பி உருகி, அது பிடித்து வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, ஒரு அலுமினியக் கட்டையைப் பல்லுக்குள் தள்ளும். பிளேடு சுமார் 5 மில்லி வினாடிக்குள் நின்று மேசைக்குக் கீழே இறங்கிவிடும்.

ஆனால் இந்த 5 மில்லி வினாடிக்குள் கை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பாருங்கள். சாதாரணமாகப் பலகையைத் தள்ளும் வேகம் வினாடிக்கு 30 செ.மீ. என்று வைத்தால் ஒன்றரை மில்லி மீட்டர், அதாவது ஒரு கீறல், பிளாஸ்டர் போட்டால் ஆறிவிடும். அதே கை கிக்பேக்கில், அதாவது பிளேடு மரத்தைத் திருப்பி எறியும்போது, இழுபட்டு வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போய் விழுந்தால் 15 மில்லி மீட்டர். தோராயக் கணக்குதான், பிளேடு கீழே இறங்குவதை இதில் சேர்க்கவில்லை, ஆனாலும் வித்தியாசம் புரிகிறது இல்லையா? அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் முன்வைத்த விதியிலும் வேகத்தைச் சொல்லித்தான் அளவு வைத்தார்கள்: வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் சோதனைப் பொருளில் வெட்டு 3.5 மில்லி மீட்டரைத் தாண்டக் கூடாது என்று.

அதனால் உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது சென்சார் இல்லை, அந்தக் கட்டை ஏன் எகிறியது என்பதுதான். பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி வந்து மரத்தை மேசையோடு அழுத்தும், பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும். அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைப் பிடித்தாலோ, பலகை, அதற்குப் பக்கவாட்டில் வழிகாட்டும் சட்டமான ஃபென்ஸை விட்டு லேசாகத் திரும்பினாலோ, அந்தப் பின்பற்கள் மரத்தைத் தூக்கி உங்களை நோக்கி வீசிவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதுவரை மரத்தை அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்த கைக்குத் திடீரென்று எதிரே மரம் இருக்காது, தள்ளிய வேகத்திலேயே முன்னால் போகும், முன்னால் இருப்பது பிளேடு. பிளேடுக்குப் பின்பக்கம் கை வைத்திருந்தால் இன்னும் மோசம், மரமே கையைப் பல்லின் மேல் இழுத்துக்கொண்டு வரும்.

அந்தக் கட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் வளைவான கீறல் இருந்தால் மரம் ஃபென்ஸை விட்டுத் திரும்பி பிளேடின் மேல் ஏறியிருக்கிறது. வெட்டு வாயின் இரண்டு பக்கமும் கருகியிருந்தால் மரம் இறுகிப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம், ஒரு பக்கம் மட்டும் என்றால் முதலில் ஃபென்ஸைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டுக்கும் மருந்து ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் எஃகுத் தகடு, பிளேடோடு ஏறி இறங்கும், அறுத்த வாய் மூடாமலும் மரம் பின்பற்களுக்குப் போகாமலும் தடுக்கும். கார்டைக் கழற்றும்போது பலர் இதையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள், உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இதன் தடிமன் பிளேடின் உடம்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டும், மெல்லிய பிளேடு மாட்டியிருந்தால் பழைய நைஃப் வெட்டு வாயிலேயே சிக்கும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பல்லை மார்க் செய்து, அது முன்னால் இருக்கும்போது ஒரு முறையும், கையால் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் ஒரு முறையும் ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பின்னால் குறைந்தால் ஃபென்ஸ் மரத்தைப் பிளேடோடு நெருக்குகிறது, சரி செய்யாமல் அறுக்க வேண்டாம்.

கார்டையும் திரும்ப மாட்டுங்கள். குறுகலான சட்டத்துக்கு நீளமான அடிப்பகுதி உள்ள புஷ் பிளாக் (மரத்தைத் தள்ளும் கைப்பிடிக் கட்டை) நல்லது, தள்ளும்போதே மேலிருந்து அழுத்தியும் பிடிக்கும், நுனியில் மட்டும் தொடுகிற குச்சியால் அது முடியாது. இடது கை பிளேடின் முன்பல்லைத் தாண்டிப் போகவே கூடாது. பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். விழுந்த துண்டை பிளேடு முழுதாக நிற்கும் முன் எடுக்காதீர்கள். குறுக்காக அறுத்துத் துண்டாக்கும்போது மேசைப் பள்ளத்தில் நகர்ந்து மரத்தைத் தள்ளும் மைட்டர் கேஜையும் ஃபென்ஸையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள், அறுபட்ட துண்டு நடுவில் மாட்டிக்கொண்டு பறக்கும்.

சென்சாரை மட்டும் பழைய மெஷினில் மாட்ட முடியாது. பிளேடும் அதன் தண்டும் மெஷின் உடம்பிலிருந்து மின்சார ரீதியாகப் பிரிந்திருக்க வேண்டும், பிரேக்கும் உள்ளேயே அமைந்திருக்க வேண்டும், அதனால் மெஷினையே அப்படித்தான் செய்ய முடியும். பட்டறையில் வேறு யாராவது வேலை பழகுகிறார்கள் என்றால், பணம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் ஈர மரம், ஆணி, அலுமினியம் பட்டாலும் பிரேக் அடித்துவிடலாம். ஒரு முறை அடித்தால் பிரேக் உள்ள கார்ட்ரிட்ஜ் போச்சு, பெரும்பாலும் பிளேடும் போச்சு. அதற்குப் பயந்து பைபாஸ் முறையில், அதாவது பிரேக்கை அணைத்துவிட்டு, அறுப்பவர்கள் உண்டு. அப்போது உங்கள் கையில் இருப்பது பிரேக் இல்லாத சாதாரண ரம்பம்தான்.

ஒன்று மட்டும் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, திசு உறைந்தால் ஒட்டவைப்பது கடினம். வண்டியை நீங்களே ஓட்டாமல் ஆம்புலன்ஸை அழைத்து, விரல் ஒட்டும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள், அது எது என்று இப்போதே விசாரித்து அதன் எண்ணையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.