மாதம் ஒரு இசைத்தட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: தி வெட்டிங் பிரசென்ட் குழுவின் 'ஹிட் பரேட்' கேட்டேன், ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் என் அண்ணன், "அது ஆல்பமே இல்லை, சிங்கிள்களை அள்ளிப்போட்ட மூட்டை, உருப்படியாக ஒரு ஆல்பம் கேள்" என்கிறார். அவர் சொல்வது சரியா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சிங்கிள் என்றால் பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சின்னத் தட்டு. உங்கள் அண்ணன் பொதுவாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குழுவிடம் புதுப்பாட்டு கைவசம் இல்லாத நேரத்தில் கம்பெனிக்காரர்கள் பழைய ஹிட்டுகளைச் சேர்த்துக்கட்டி விற்ற தொகுப்புகள் ஏராளம். 'ஹிட் பரேட்' அந்தக் கணக்கில் வராது.

இவர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் குழு. 1991-ல் ஸ்டீவ் ஆல்பினி ஒலிப்பதிவு செய்த 'ஸீமான்ஸ்டர்ஸ்' என்ற கனமான, இருட்டான ஆல்பம் வந்தது. வழக்கமாக அடுத்த ஆல்பத்துக்குத்தான் உட்காருவார்கள். இவர்கள் அதை விட்டுவிட்டு, 1992 முழுக்க மாதம் ஒரு ஏழு அங்குல சிங்கிள் போடுவது என்று இறங்கினார்கள். யோசனை பேஸ் கிட்டார் வாசித்த கீத் கிரெகரியுடையது. அமெரிக்காவில் சப் பாப் நிறுவனம் சந்தா கட்டியவர்களுக்கு மாதாமாதம் ஒரு சிங்கிள் அனுப்பிக்கொண்டிருந்தது, அதற்கு அவரும் சந்தாதாரர். ஜனவரியில் 'ப்ளூ ஐஸ்' தொடங்கி டிசம்பரில் 'நோ கிறிஸ்மஸ்' வரை பன்னிரண்டு. முன்பக்கம் சொந்தப் பாட்டு, பின்பக்கம் வேறு யாராவது பாடியதை இவர்கள் பாணியில் எடுத்துப் பாடியது: நீல் யங், தி மங்கீஸ், டேவிட் போவி, எல்டன் ஜான், 'ஷாஃப்ட்' படத்துக்கு ஐசக் ஹேய்ஸ் போட்ட இசை என்று எங்கெங்கோ போகும். தயாரிப்பாளர்களும் வருடத்துக்குள்ளேயே மாறிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவர் ரோலிங் ஸ்டோன்ஸுடன் வேலை செய்த ஜிம்மி மில்லர்.

ஜனவரி முதல் ஜூன் வரை வந்தவற்றின் தொகுப்பு 'ஹிட் பரேட் 1', மீதி ஆறு மாதத்துடையது 'ஹிட் பரேட் 2'. இந்தப் பாட்டுகளுக்கென்று வேறொரு "உருப்படியான" ஆல்பம் எங்கேயும் கிடையாது, அந்த வருடத்து வேலை முழுவதும் இதுதான். ஒரு குழு பன்னிரண்டு மாதம் எப்படி யோசித்தது, எங்கே அலுத்தது, எங்கே துள்ளியது என்று இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆல்பம் எனக்கு வேறு தெரியாது. அண்ணனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: 'ஹிட் பரேட்' சிங்கிள்களைக் குறைவாக அச்சிட்டு விற்றதால்தான் வெட்டிங் பிரசென்ட் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஏறினார்கள், பாட்டுக்காக இல்லை என்று சொல்கிறார்களே? (வாசகர், கோவை)

பதில்: பாதி உண்மை. ஒவ்வொரு சிங்கிளும் 10,000 பிரதி அளவில்தான் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் ரசிகர்கள் முதல் வாரமே கடைக்கு ஓடினார்கள். பட்டியல் என்பது வார விற்பனைக் கணக்கு, எனவே எல்லாம் ஒரே வாரத்தில் விற்றால் பாட்டு மேலே போகும், அடுத்த வாரமே சரிந்துவிடும். பன்னிரண்டும் பிரிட்டனின் முதல் 30-க்குள் வந்தன. ஒரே வருடத்தில் அத்தனை பாட்டு என்பது 1957-ல் எல்விஸ் பிரெஸ்லி வைத்திருந்த சாதனை, இவர்கள் அதைச் சமன்செய்தார்கள். மே மாதத்து 'கம் ப்ளே வித் மீ' 10-ம் இடம் வரை போனது.

ஆனால் ஒன்று. அச்சு எண்ணிக்கையைக் குறைத்து ஒரு மாதம் கூட்டம் சேர்க்கலாம், இரண்டு மாதம் சேர்க்கலாம். நவம்பரிலும் டிசம்பரிலும் அதே ஆட்கள் காசை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்றால் பாட்டில் ஏதோ இருக்கிறது. கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தட்டு தீர்ந்து ஏமாந்தவர்களுக்கு அந்தத் தொகுப்புகள்தான் கைகொடுத்தன.

கேள்வி: சிங்கிளை ஆல்பத்தில் சேர்க்காமல் தனியாக விடுவது ஏன்? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: பிரிட்டனில் பல குழுக்களுக்கு அது பழக்கம், ஏற்கெனவே சிங்கிள் வாங்கியவரிடம் அதே பாட்டுக்கு மறுபடி காசு வாங்கக்கூடாது என்ற எண்ணம். அதனால் நல்ல பாட்டுகள் சிதறிக் கிடக்கும், பிறகு யாராவது சேர்த்தாக வேண்டும். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவின் முதல் எட்டு சிங்கிள்கள் 1979-ல் அமெரிக்க ரசிகர்களுக்காக 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' என்று வந்தன: ஒரு பக்கம் முழுக்க முன்பக்கப் பாட்டுகள், மறுபக்கம் முழுக்க பின்பக்கப் பாட்டுகள். தி ஸ்மித்ஸின் 'ஹவ் சூன் இஸ் நவ்?' 1984-ல் ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டின் பின்பக்கத்தில் வந்த பாட்டு. அதே வருடம் 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பில் சேர்ந்த பிறகு, 1985-ல்தான் தனி சிங்கிள் ஆனது.

கேள்வி: 'ஹிட் பரேட்' இரண்டையும் எந்த வரிசையில் கேட்பது? (வாசகர், மதுரை)

பதில்: மாத வரிசையில் கேளுங்கள், கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள். இன்னொன்றும் செய்யுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் அடுத்து அதன் பின்பக்கத்தையே வையுங்கள். 'ப்ளூ ஐஸ்', அப்புறம் தி கோ-பிட்வீன்ஸின் 'கேட்டில் அண்ட் கேன்'. 'சில்வர் ஷார்ட்ஸ்', அப்புறம் 'ஃபாலிங்'. 1992-ல் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து தட்டைத் திருப்பிப் போட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். பிடித்துப்போனால், முப்பது வருடம் கழித்து 2022-ல் இதே மாதிரி மாதம் ஒரு சிங்கிளாக அவர்கள் வெளியிட்ட '24 சாங்ஸ்' இருக்கிறது, அடுத்து அதை எடுங்கள்.