பழைய ஹூவர், எலக்ட்ரோலக்ஸ் வாக்குவம் கிளீனர்கள் சேகரிக்க ஆசை. ஓடுகிற கண்டிஷனில் இருந்தால் போதும்தானே?

போதாது. மோட்டார் எரிந்திருந்தால்கூடக் கோவையிலோ மதுரையிலோ வைண்டிங் செய்து வாங்கிவிடலாம். துணி பின்னிய ஹோஸ், கம்பெனி பெயர் அச்சடித்த பை, குதிரைமுடி பிரஷ், அந்த மாடலுக்கென்றே வார்த்த பேக்லைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) மூடி இவற்றை எந்தப் பட்டறையும் செய்து தராது. ஓடாத, ஆனால் எல்லாப் பாகமும் இருக்கிற மெஷினுக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கலாம். "ஓடாததை வாங்கி என்ன செய்ய, காயலான் கடையிலா போட?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். காயலான் கடைக்காரர் அலுமினியத்தைக் கிலோ கணக்கில்தான் பார்ப்பார், நாம் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதல் மெஷின் பிரிட்டிஷ் ஹூவராக இருக்கட்டும். லண்டன் பெரிவேல் தொழிற்சாலைக் காலத்து ஹூவர் ஜூனியர் மாதிரி. அங்கும் பெரும்பாலும் 230-240 வோல்ட்தான், இங்கே அப்படியே பொருந்தும். எல்லோரும் ஆசைப்படுவது அமெரிக்க மாடல்களுக்கு: 1936-இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150, அடுத்த வருடம் லூரெல் கில்ட் வடிவமைத்து வந்த எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30. ரோமன் எண்ணில் மூன்று எக்ஸ் போட்டிருக்குமே, சறுக்குக்கட்டை மேல் உட்கார்ந்த டார்ப்பிடோ போல, அதுதான். இரண்டும் அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்கு, அதாவது 115 வோல்ட் அளவுக்குச் செய்தவை. நம்மூர் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் மோட்டார் வெறிபிடித்தது போல் சுற்றிக் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று பயமுறுத்துவார்கள். கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டாருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, வோல்ட்தான் பிரச்சினை. மெஷினின் பெயர்ப்பலகையில் வாட் இல்லாமல் ஆம்பியர் இருந்தால் வோல்ட்டால் பெருக்குங்கள்: 3 ஆம்பியர், 115 வோல்ட் என்றால் 345. அதைப்போல் இரு மடங்கு 690, ஆகவே 750 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் 'டபுள் வைண்டிங்' என்று கேட்டு வாங்குங்கள். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், அதில் ஒரே சுருள்தான், வீட்டு மின்சாரம் நேராக மெஷினோடு இணைந்தே இருக்கும். இந்த மெஷின்களின் உடம்போ உலோகம், ஒயர் இரண்டே இரண்டு, எர்த் கிடையாது. பயணிகளுக்கென்று விற்கும் கையடக்க எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் இஸ்திரிப் பெட்டிக்குச் சரி, மோட்டாருக்கு ஆகாது.

விற்பவரிடம் ஓடுகிற வீடியோ கேட்பதைவிட இந்தப் படங்களைக் கேளுங்கள்: பெயர்ப்பலகை, அடிப்பக்கம், ஒயர் உள்ளே நுழையும் இடம், ஹோஸின் இரண்டு முனைகள், பிரஷ் உருளையின் இரு ஓரங்கள். நிமிர்ந்து நிற்கும் ஹூவரில் தூசி ஃபேன் வழியாகத்தான் பைக்குப் போகும். யாரோ எப்போதோ உறிஞ்சிய நாணயமோ ஆணியோ ஃபேன் இதழைக் கடித்திருக்கும். ஓரிடத்தில் சின்னதாகக் கடிபட்டிருந்தாலும் சுற்றும்போது அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். கழற்றும்போது பலத்தைக் காட்டாதீர்கள், சில மாடல்களில் ஃபேன் நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

வந்தவுடன் சொருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ரப்பர் ஒயரின் மேலுறைத் துணி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கைப்பிடி அருகே மெல்ல வளைத்தால் உள்ளே ரப்பர் பொட்டுப்பொட்டாக உதிர்ந்து செம்பு எட்டிப் பார்க்கும். ஒயரை மாற்றுங்கள், பழைய பிளக்கையும் ரப்பர் புஷ்ஷையும் எறியாதீர்கள். பிறகு 500 வோல்ட் மெக்கர் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். உடம்புக்கும் சுருளுக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பெரும்பாலும் ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். 60 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் உலர்த்தி மறுபடி பாருங்கள். அதன் பிறகுதான் வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து, 30 வோல்ட்டில் மெல்லச் சுற்றுகிறதா, 60-இல் வாடை வருகிறதா என்று படிப்படியாக ஏற்ற வேண்டும்.

கார்பன் பிரஷ் நீளம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். அதே அளவு கிடைக்காது. கொஞ்சம் பெரியதை வாங்கி, கண்ணாடி மேல் உப்புத்தாளைப் பரப்பித் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். ஹோல்டரில் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. கம்யூட்டேட்டரை, அதாவது கார்பன் பிரஷ் உரசும் செப்புப் பட்டை உருளையைச் சுத்தம் செய்ய எமரி ஷீட்டைத் தொடவே தொடாதீர்கள். அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கு நடுவே சிக்கி ஷார்ட் ஆக்கிவிடும். நைசான கண்ணாடித் தூள் தாள் போதும். பிரஷ் அடியில் சின்ன நீலப்பொறி சகஜம். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாகத் தீ ஓடினால் ஆர்மேச்சரில் (மோட்டாரின் சுழலும் பகுதியில்) ஒரு சுருள் அறுந்தோ ஷார்ட் ஆகியோ இருக்கலாம்.

இங்கே ஒரு ஆற்றாமையைச் சொல்லியே ஆக வேண்டும். ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோனால், "இதெல்லாம் வேஸ்ட் சார், புது மோட்டார் ஒண்ணு தூக்கி வெச்சிடலாம்" என்பதுதான் முதல் வார்த்தை. நாம் மறுத்தால் பழைய சுருளை எண்ணாமல் அறுத்து எறிந்துவிட்டு, குத்துமதிப்பாகச் சுற்றித் தருவார்கள். எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று பிரிக்கும்போதே எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொரு திருகும் திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

எலக்ட்ரோலக்ஸ் வகையில் ஹோஸ் நல்லதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. மெஷின் ஓடும்போது ஹோஸ் முனையை உள்ளங்கையால் அடைத்துப் பிடியுங்கள். காற்றோட்டம் நின்றதும் மோட்டாரின் சுமை குறைந்து சத்தம் கீச்சென்று ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் உள்ரப்பர் வெடித்துக் காற்று கசிகிறது. துணிக்கு மேல் டேப் சுற்றினால் துணியும் போய்விடும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இழுத்துவிடலாம், உறிஞ்சல் கொஞ்சம் குறையும். அல்லது காட்சிக்கு ஒன்று, ஓட்ட ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு முனைகளின் உலோகப் பிடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டி எறியாதீர்கள்.

பையைத் துவைக்காதீர்கள், அச்சுப் போய்விடும். மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியில் தட்டி, மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். பேக்லைட்டா வேறு பிளாஸ்டிக்கா என்று சந்தேகமாக இருந்தால் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், பேக்லைட் என்றால் கார்பாலிக் சோப்பு போன்ற வாடை வரும். பிராசோ (உலோகப் பாலிஷ்) போட்டு அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் போய் உள்ளே இருக்கும் மரத்தூள் நிறம் தெரியும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஹூவர் 150-இன் வார்ப்பில் மெக்னீசியம் இருக்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் படக் கூடாது, கிரைண்டர் வைக்கவே கூடாது, அந்தத் தூள் தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து உடனே உலர்த்தி மெழுகு பூசுங்கள்.

அலமாரியில் வைக்கும்போது பிரஷ் உருளையைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே வருடக்கணக்கில் விட்டால் ரப்பர் ஒரே வளைவில் செத்துப்போய், ஓட்டும்போது வழுக்கும். கழற்றியதை ஒரு கவரில் போட்டு, மாடல் எண்ணை எழுதி, கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.