பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரின் பவர் டிரான்ஸ்ஃபார்மரில் வயர் நிறமே தெரியவில்லை. எதை எங்கே இணைப்பது?

நிறத்தைத் தேடுவதை விட்டுவிடுங்கள். மீட்டர் காட்டுவதுதான் கணக்கு.

கும்பகோணத்தில் பழைய சாமான் கடையில் எடுத்த மைக்செட் ஆம்ப்ளிஃபையர், இரண்டு 6வி6 அவுட்புட் வால்வு, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிபையர் வால்வு 5ஒய்3, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒன்பது வயர் வெட்டித் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க வழக்கப்படி பிரைமரி (லைன் கரண்ட் வரும் வைண்டிங், அதாவது சுற்று) கறுப்பு, எச்.டி. (ஹை டென்ஷன், உயர் வோல்ட் சுற்று) சிவப்பு, அதன் சென்டர் டாப் (நடு முனை) சிவப்பில் மஞ்சள் கோடு, ரெக்டிபையர் ஹீட்டருக்கான 5 வோல்ட் மஞ்சள், மற்ற வால்வு ஹீட்டருக்கான 6.3 வோல்ட் பச்சை. ஆனால் நம் ஊரில் ஒருமுறை காயில் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள். அதனால் நிறம் தெரிந்திருந்தாலும் நான் அளந்துதான் இணைப்பேன்.

முதலில் ஓம்ஸ். எந்த வயருக்கு எந்த வயர் தொடர்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வயர் ஒன்றோடொன்று தொடர்பு காட்டினால் அது எச்.டி. வைண்டிங், முனைக்கு முனை நூறு ஓம்ஸுக்கு மேல் காட்டும். நடு வயரிலிருந்து இரு பக்கமும் அளந்தால் கிட்டத்தட்ட பாதிப் பாதி வரும், சரிசமமாக இருக்காது. வெளிப்பக்கம் சுற்றிய பாதிக்குக் கம்பி நீளம் கூடுதல் என்பதால் அதில் சில ஓம்ஸ் அதிகம் காட்டும். பயப்பட வேண்டாம். பிரைமரி பத்து, இருபது, முப்பது ஓம்ஸ் என்ற அளவில் இருக்கும். ஒரு ஓம்ஸுக்கும் கீழே காட்டும் இரண்டு ஜோடியும் ஹீட்டர் வைண்டிங்.

அந்த இரண்டில் எது 5 வோல்ட், எது 6.3 வோல்ட் என்று ஓம்ஸில் தெரியாது. அதற்கு 12 வோல்ட் ஏ.சி. தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். டயோடு உள்ள அடாப்டர் உதவாது. அந்த 12 வோல்ட்டைப் பிரைமரிக்குக் கொடுத்தால் எல்லாம் 230-க்கு 12 என்ற விகிதத்தில் சுருங்கி வரும். 300-0-300 (நடு முனையிலிருந்து பக்கத்துக்கு 300 வோல்ட்) எச்.டி. என்றால் முனைக்கு முனை சுமார் 31 வோல்ட், 6.3 வைண்டிங்கில் 0.33, 5 வோல்ட் வைண்டிங்கில் 0.26. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த 12 வோல்ட்டைத் தவறிக்கூட ஹீட்டர் வைண்டிங்கில் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் எச்.டி. முனையில் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்பக்கூடும். ஓம்ஸ் அளந்து எழுதிவைத்த தாள் பக்கத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டு டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு 120 வோல்ட் பிரைமரி இருந்தால் நம் லைனுக்கு அவற்றை சீரிஸில் இணைக்க வேண்டும். ஒன்றுக்கு 12 வோல்ட் கொடுத்து, மற்றதன் ஒரு முனையை இதோடு சேர்த்து, மீதி இரு முனைக்கும் நடுவே அளந்தால் 24 வர வேண்டும். பூஜ்யம் வந்தால் ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நான் இங்கே போட மாட்டேன். அதே வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸில் கோரில் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும், டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும்.

இனி இணைப்பு. 5ஒய்3 சாக்கெட்டில் 2, 8 இரண்டும் ஹீட்டர், 4, 6 இரண்டும் பிளேட். எச்.டி.யின் இரு முனைகளும் 4, 6-க்குப் போகும். 5 வோல்ட் வைண்டிங் 2, 8-க்குப் போகும். அந்த 8-ஆம் பின்னிலிருந்துதான் எச்.டி. டி.சி. வெளியே எடுக்கிறோம். 5 வோல்ட் என்ற பேரைப் பார்த்து அந்த வயரைத் தொட்டவர்கள் உண்டு. செட் ஓடும்போது சேசிஸிலிருந்து (செட்டின் உலோகச் சட்டம்) பார்த்தால் அந்த 5 வோல்ட் வயர் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆகவே அதைச் சேசிஸோடு எங்கும் சேர்க்கக் கூடாது, இன்சுலேஷன் உதிர்ந்த பழைய ரப்பர் வயராகவும் விட்டுவைக்கக் கூடாது.

6.3 வோல்ட் வயர் இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, சேசிஸ் மூலையோடு ஒட்டி, 6வி6-ன் 2, 7 பின்களுக்குக் கொண்டுபோங்கள். இந்த வைண்டிங்கை அந்தரத்தில் விட்டால் இரைச்சல் வரும். இதில் சென்டர் டாப் இல்லாததால் இரு முனையிலிருந்தும் அரை வாட் 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று சேசிஸுக்குப் போட்டால் போதும்.

இப்போது எச்.டி. சென்டர் டாப். நிறையப் பேர் டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டிலேயே ஒரு லக் வைத்து அதை முடித்துவிடுகிறார்கள். பிறகு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் போகவில்லை என்று வால்வை மாற்றுகிறார்கள், 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போடுகிறார்கள். ரெக்டிபையருக்கு அடுத்த முதல் கண்டென்சருக்குள் கரண்ட் ஒரே சீராக ஓடுவதில்லை. வினாடிக்கு நூறு முறை இடி இடியாகப் பாய்ந்து, சென்டர் டாப் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. அந்தப் பாதை சேசிஸ் தகடு என்றால், மைக் இன்புட்டின் எர்த்தும் அதே தகட்டில் இருப்பதால், இடியெல்லாம் அங்கே கேட்கும். சென்டர் டாப் வயரை நேராக முதல் கண்டென்சரின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோய்ப் பற்றவையுங்கள். அங்கிருந்து ஒரே ஒரு வயர் அடுத்த கண்டென்சருக்கு, பிறகு சேசிஸுக்கு. நான் தொட்ட செட்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வயரை மாற்றியதிலேயே அடங்கியவை. முதல் கண்டென்சரும் 20 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கட்டும். பெரிதாகப் போட்டால் 5ஒய்3 தாங்காது.

கிடைக்கவில்லை என்று 5ஒய்3-க்குப் பதில் டயோடு போட நினைத்தால், பக்கத்துக்கு ஒரு 1என்4007 போதாது. 300-0-300-ல் ஒவ்வொரு டயோடும் 850 வோல்ட் ரிவர்ஸ் தாங்க வேண்டும். ராத்திரி பம்ப்செட்டெல்லாம் நின்று லைன் ஏறினால் அதற்கும் மேலே போகும். இரண்டிரண்டாக சீரிஸில் போடுங்கள். எச்.டி.யும் ஏறும் என்பதால் கண்டென்சரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் பாருங்கள்.

பிரைமரிப் பக்கம் பியூஸ், ஸ்விட்ச் இரண்டும் பேஸ் வயரில் (நியூட்ரலில் அல்ல) வர வேண்டும். பழைய செட்டில் லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டென்சர் இருந்தால் அதை வெட்டி எறியுங்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுவதும் கரண்ட். டூ பின் பிளக்கையும் மாற்றி, த்ரீ கோர் வயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் போல்ட் வைத்து முறுக்குங்கள். ஐப்பசி மழையில் ஓதம் ஏறிய சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிப்பவரை நினைத்து இதைச் செய்யுங்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு வேலை கூடுதலாக உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றிலோ ஓட்டு வீட்டுப் பரணிலோ கிடந்த டிரான்ஸ்ஃபார்மரின் காகித இன்சுலேஷன் ஈரம் இழுத்திருக்கும். பம்ப் மோட்டார் காயில் கட்டும் கடை எந்த ஊரிலும் இருக்கிறது, அவர்களிடம் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) இருக்கும். 500 வோல்ட்டில் பிரைமரிக்கும் கோருக்கும், எச்.டி.க்கும் கோருக்கும், பிரைமரிக்கும் எச்.டி.க்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். பத்து மெகாஓம்ஸுக்கு மேல் காட்டினால் நிம்மதி. குறைவாக இருந்தால் ஒரு பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்போடு இரண்டு நாள் வைத்துக் காயவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அதைப் போடாதீர்கள்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, வால்வு ஒன்றும் இல்லாமல் கொடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். எல்.ஈ.டி. பல்பு இதற்கு ஆகாது. பிறகு பல்பை எடுத்துவிட்டு, வால்வெல்லாம் போட்டு, அவை சூடான பின் ஹீட்டர் வோல்ட்டைப் பாருங்கள். 5.7-லிருந்து 6.9-க்குள் இருக்க வேண்டும். வால்வு இல்லாமல் 7 காட்டினாலும் லோடு வந்ததும் இறங்கும். அணைத்த பிறகு கை வைக்குமுன் கண்டென்சரை ஒரு 10 கிலோஓம்ஸ் 5 வாட் ரெசிஸ்டரால் காலி செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துக்கொள்ளுங்கள். நேராக ஸ்க்ரூடிரைவர் வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

எச்.டி.யில் ஒரு பாதி அறுந்திருந்தால் காயில் திரும்பக் கட்டத்தான் வேண்டும். கடைக்காரரிடம் ‘ஆம்ப்ளிஃபையர் டிரான்ஸ்ஃபார்மர்’ என்று மட்டும் சொல்லாமல் இப்படி எழுதிக் கொடுங்கள்: பிரைமரி 0-230-250, எச்.டி. 300-0-300 120 மில்லிஆம்ப், 5 வோல்ட் 2 ஆம்ப், 6.3 வோல்ட் 3 ஆம்ப் சென்டர் டாப்போடு, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஒரு சுற்றுத் தாமிரத் தகடு, அதன் முனைகள் ஒன்றையொன்று தொடாமல், வெளியே எர்த்துக்கு ஒரு வயர். வார்னிஷில் முக்கி அடுப்பில் காயவைத்துத் தரச் சொல்லுங்கள், மேலே தடவித் தருவது போதாது.