ரத்தத்தில் ஏறாத படிப்பு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவன். இப்போது தாமான் குடியிருப்பில், மகன் வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகளும் கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, டிசம்பரில் பிறந்தவன். அடைவுநிலை அறிக்கையில் தமிழ் 3, கணிதம் 2, மலாய் 2 என்று இருக்கிறது. ஆறுக்கு மூன்று என்றால் தமிழில் பாதி தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வாய்பாடு ஒப்பிக்கிறான், பெருக்கல் சரியாகப் போடுகிறான், வாக்கியங்களாக வரும் பிரச்சனைக் கணக்கு என்றால் மட்டும் விழிக்கிறான். டியூஷனுக்கும் அனுப்புகிறோம். பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கும் சம்பந்தி, மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார். மருமகள் கைப்பேசியைக் குறை சொல்கிறாள். போன மாதம் பட்டர்வொர்த்தில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள். போய்வந்ததில் பாடம் விட்டுப்போனது என்று ஆசிரியை வருத்தப்பட்டார். எனக்கோ, தோட்டத்து ஆட்களுக்கு ரத்தத்திலேயே படிப்பு ஏறாதோ என்று தோன்றுகிறது. எதுதான் காரணம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஐயா,

கடைசியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நடத்தினார்கள். பல தோட்டங்களில் ஒரு கொட்டகை. எல்லா வகுப்புக்கும் ஒரே அறை. தோட்டத்துக் கணக்கரான கிராணியோ, ஆட்களை மேய்க்கும் கங்காணியோ, எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான் ஆசிரியர். அந்தக் கொட்டகையைத் தாண்டிப் படிக்க அநேகருக்கு வழியே இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் பிள்ளைகள் தேறாமல் போனதற்கு நீங்கள் எதற்கு உங்கள் ரத்தத்தைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்?

அடுத்து அந்த எண்கள். அடைவுநிலை 3 என்பதுதான் குறைந்தபட்சத் தேர்ச்சி. 1, 2 இரண்டும் அதற்குக் கீழே. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு, ஏ, பி என்று பார்த்துப் பழகிய குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்கள் பேரன் தமிழில் விளிம்பில் நிற்கிறான். கணிதத்திலும் மலாயிலும் அந்த விளிம்பைக்கூட எட்டவில்லை.

ஆனால் துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பெருக்கல் தெரிந்தவன் பிரச்சனைக் கணக்கில் விழிக்கிறான் என்றால் எனக்கு முதல் சந்தேகம் அவன் வாசிப்பின் மீதுதான். இன்றிரவே மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தில் அவன் மனப்பாடம் செய்யாத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி நின்று நின்று போகிறானா? முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் தன் சொற்களில் சொல்கிறானா? சொல்லவில்லை என்றால் டியூஷன் காசை நிறுத்தலாம். அங்கே அவனுக்குக் கிடைப்பது, வாசிக்க முடியாத பயிற்சித் தாள்கள் இன்னும் பத்து. வரிகளைத் தவறவிட்டாலோ புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனாலோ முதலில் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு மக்கு என்று பெயர் வைத்த வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

இது தோட்டத்துப் பிள்ளைகளின் தனிக் குறையும் அல்ல. பல நாடுகளில் பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா (PISA) ஆய்வில் மலேசியாவின் வாசிப்புப் புள்ளி 2018இல் 415, 2022இல் 388. கணிதத்தையும் அறிவியலையும்விட வாசிப்பில்தான் குறைவு. நாடே தடுமாறும் இடத்தில்தான் உங்கள் பேரனும் தடுமாறுகிறான்.

இனி, கல்யாணம். உறவினர்கள் கோபித்தாலும் சொல்கிறேன். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி நாள். மாநில எல்லையைத் தாண்டினால் பினாங்கில் ஞாயிறு விடுமுறை. நம்மவர்கள் கல்யாணமும் காதுகுத்தும் வைப்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஒவ்வொரு விசேஷத்துக்கும் பையனுக்கு ஒரு நாள் போகிறது. இரவு தாமதமாகத் திரும்பினால் திங்களும் போகிறது. இதோடு ஷிப்ட் வேலையில் உங்கள் மகனுக்கு ஓய்வு நாள் எந்தக் கிழமையில் விழுகிறதோ, அன்று ‘அப்பா வீட்டில் இருக்கிறார்’ என்று மட்டம் போடும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் இல்லை என்றால் நல்லது. பின்னப் பாடம் தொடங்கிய நாளில் வராதவனுக்கு அடுத்த நாள் பாடமும் பாதிதான் புரியும். ஆசிரியை வருத்தப்பட்டது நியாயம்தான். மாலையில் நடக்கும் விருந்துக்குப் பள்ளி விட்ட பிறகு கிளம்பலாமே. சம்பந்தி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அவர் சொன்ன பள்ளி மாற்றத்துக்கு வருகிறேன். மலாயில் 2 வாங்கும் பிள்ளையை எல்லாப் பாடமும் மலாயில் நடக்கும் வகுப்பில் நான்காம் ஆண்டில் கொண்டுபோய் உட்காரவைத்தால், வாசிப்புச் சிக்கல் அப்படியே இருக்கும். புதிதாக ஒன்றும் சேரும். ஒரு விஷயத்தில் அவர் கவலை சரி. இடைநிலைப்பள்ளியில் மலாய் இல்லாமல் நகர முடியாது. அதில் தேறாத பிள்ளைகளுக்கு, இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன்னால் வரும் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாகப் போய்விடும். ஆகவே தமிழ் வாசிப்பு ஓடத் தொடங்கியதும் மலாய்க்கு இதே வைத்தியம் செய்யுங்கள்.

பள்ளியா வீடா என்ற சண்டை பழையது. 1966இல் அமெரிக்காவில் வந்த கோல்மன் அறிக்கை, பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிது என்றது. 1983இல் ஹைன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளை ஒப்பிட்டு, வசதி குறைந்த நாடுகளில் பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும்தான் அதிக எடை பெறுகின்றன என்றார்கள். வசதி குறைந்த வீட்டுக்கு நல்ல ஆசிரியர் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு எந்த ஆய்வும் சொல்ல வேண்டியதில்லை. விடுப்பைக் கணக்கெடுத்துக் கவலைப்படும் ஓர் ஆசிரியை உங்களுக்கு வாய்த்திருக்கிறார். விட்டுவிடாதீர்கள்.

டிசம்பர் பிள்ளை என்பதையும் மறக்க வேண்டாம். அதே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். கீழ் வகுப்புகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். போகப் போகக் குறையும். அவனோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள். கைப்பேசி குற்றவாளிதான், ஆனால் முதன்மையாகத் தூக்கத்தைக் கெடுப்பதில். ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவுக்காக விழித்திருக்கும் பிள்ளை கையில் அது இருக்கும். பாவம், இருவர்மீதும் எனக்குக் குறையில்லை. ஒன்பதரைக்குப் பிறகு அதை உங்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும், கடிதமே சாட்சி. தினமும் இருபது நிமிடம் அவன் வாசிக்க, நீங்கள் கேளுங்கள். தப்பு விட்டால் உடனே பாயாதீர்கள், வரி முடியட்டும். அடுத்த முறை ஆசிரியையைப் பார்க்கும்போது ‘பையன் எப்படிப் படிக்கிறான்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த ஆண்டுப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறான், இந்த ஆண்டு இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்ற இரண்டையும் கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள்.