நடுவில் இரண்டு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவது ஏன்?

கேள்வி: 1967 எம்.ஜி.பி. காரில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பார்த்தோம். 1-இல் 160, 2-இல் 95, 3-இல் 90, 4-இல் 155 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வந்தது. பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு எஞ்சினை இறக்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால், முதல் சந்தேகம் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) எரிந்திருப்பதுதான். இந்த எஞ்சினில் 2, 3 இரண்டுக்கும் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வழி) ஒன்றே. அங்கே சூடு அதிகம்.

முதலில் அளவை உறுதி செய்யுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்பைப் பிரித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். பிளக் துளையில் பொருத்திய கம்ப்ரஷன் கேஜின் முள் ஏறி நிற்கும்வரை பாருங்கள். த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர் திறக்கும் காற்று வழி) மூடியிருந்தால் எல்லா அளவும் பொய்யாகக் குறையும். இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரியும் முழு சார்ஜில் இருக்கட்டும்.

டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) குறைந்து வால்வு முழுதாக மூடாவிட்டாலும் கம்ப்ரஷன் விழும். குளிர்ந்த எஞ்சினில் 0.015 அங்குலம் வையுங்கள். எட்டு வால்வுகளில் முழுதாகத் திறந்திருப்பதன் எண்ணையும் சரிசெய்யும் வால்வின் எண்ணையும் கூட்டினால் 9 வர வேண்டும்: 1-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8-ஐச் சரிசெய்யுங்கள்.

பிறகு 2, 3-இல் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். 2-ஆம் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திக் காற்றழுத்தம் கொடுங்கள். 3-இன் பிளக் துளையில் காற்று சீறினால் கேஸ்கெட்தான். கழற்றும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் புதிய கேஸ்கெட்டைப் போடாதீர்கள், மீண்டும் எரியும்.