ஐயாயிரம் ரூபாய் டிக்கெட்டும் அம்மையாரின் தாளமும்

கேள்வி: களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. எட்டு மாதமாகக் கொழும்பில் வேலை. வெள்ளவத்தையில் இன்னும் இருவருடன் ஓர் அறையில் இருக்கிறேன். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மாத முடிவில் கையில் மிஞ்சுவது மூவாயிரமோ நாலாயிரமோதான். கூட வேலை செய்கிறவர்கள் ஐயாயிரம் ரூபாய் டிக்கெட்டில் இசை நிகழ்ச்சிக்குப் போய்வந்து கதைக்கும்போது நான் வாய் மூடி இருக்கிறேன். அப்பா கூத்துக்குச் சல்லரி, அதாவது கைத்தாளம், போடுகிறவர். கூத்தாடும் களரியோரம் விடிய விடிய இருந்து வளர்ந்தவள் நான். இங்கே ஞாயிறு முழுவதும் தொலைபேசியைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறேன். காசு சேர்த்து டிக்கெட் வாங்குவதா, இதெல்லாம் நமக்கில்லை என்று விட்டுவிடுவதா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள், ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் கூத்தில் அபிமன்யு எத்தனை தடவை செத்திருப்பான்? அவன் வியூகத்துக்குள் போனால் திரும்பி வரமாட்டான் என்று மணலில் கச்சான் கொறிக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் வந்துவிடுகிறோம். இந்த வருடம் கரப்புடுப்பு என்ற கூத்து உடை கட்டி வருகிற பொடியன், களரிக்குள் நுழையும் வரவு ஆட்டத்தை எப்படி ஆடுகிறான் என்று பார்க்கத்தானே வருகிறோம்? கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் எங்கே இறுக்குகிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்று கேட்கத்தானே? கண்டதையே மறுபடி காண்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைப் பழகியவருக்குக் கொழும்பில் செலவு மிகக் குறைவு. உங்கள் அலுவலகத்து நண்பர்களுக்குத்தான் மாதம் ஒரு புதிய நிகழ்ச்சி வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் ஞாயிறு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி நடந்தால் அரை மணி நேரம் ஆகும். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் சிறிய தொகைதான். 1877இல் திறந்த அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தை ஒரே நாளில் சுற்றி முடிக்கப் பார்க்காதீர்கள். அப்படி முடித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கால்வலிதான் மிஞ்சும். பொலன்னறுவையின் சிவாலயங்களில் தோண்டி எடுத்த சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைத் தேடிப் போங்கள். நடராசரைச் சுற்றி எப்போதும் ஆள் நிற்கும். நீங்கள் காரைக்கால் அம்மையாரிடம் போங்கள். எலும்பும் நரம்புமாய், வற்றிய மார்போடு, ஆடுகிறவனுக்குத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூத்தில் சல்லரிக்காரனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் அவன் தப்பினால் ராசாவும் தப்புவான். அந்தச் சிலையைச் செய்தவனுக்கு இது தெரிந்திருக்கிறது என்று எனக்குப் படும். உங்கள் வீட்டில் தெரியாததா?

அடுத்த தடவை மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பெயரோடு வந்த 1409ஆம் ஆண்டுக் கல். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னிலங்கைத் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. மூன்று பேருக்கும் ஏறக்குறையச் சமமான காணிக்கை. அந்தக் கப்பல்காரர்கள் விவரமானவர்கள். தமிழ்ப் பகுதியில் நாலு எழுத்தாவது உங்களுக்குப் பிடிபடுகிறதா பாருங்கள்.

வெளியே வந்ததும் அங்கேயுள்ள தேநீர்க் கடைகள் பக்கம் திரும்ப வேண்டாம். இந்த ஊரில் கலையைவிடக் கலைக்குப் பக்கத்தில் விற்கிற தேநீர்தான் விலை கூட. சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோய் விகாரமாதேவிப் பூங்காவில் ஒரு மர நிழலில் சாப்பிடுங்கள். பிறகு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை வழியே நடக்கலாம். இவரும் 1877இல் பிறந்தவர், நம்மவர். சிங்களக் கைவினைக் கலைகளைப் பற்றி 1908இலேயே பெரிய நூல் எழுதியவர். அவர் பெயர் தாங்கிய தெருவின் ஓரத்தில் ஓவியர்கள் தங்கள் படங்களை வரிசையாக நிறுத்தி விற்பார்கள். வாங்காமல் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். வருட ஆரம்பத்தில் இதே தெருவில் ‘கலா பொல’ என்ற ஓவியச் சந்தை கூடும். 1993இலிருந்து நடக்கிறது, நுழைவு இலவசம். நூற்றுக்கணக்கான ஓவியர்கள் கூடுவார்கள், நம் பக்கத்துப் பொதுச்சந்தை நெரிசல்தான், காய்கறிக்குப் பதில் படங்கள்.

நடக்கும் தூரத்திலேயே லயனல் வெண்ட் கலையரங்கமும் இருக்கிறது. அங்கேயுள்ள கூடங்களில் ஓவியமோ புகைப்படமோ மாட்டியிருக்கும் நாட்களில் சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாம். 2019இல் தொடங்கிய நவீன சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை. அங்கே படத்துக்குப் பக்கத்தில் தமிழிலும் எழுதியிருக்கும், இதை நான் பெரிய விடயமாக நினைக்கிறேன்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் இருபத்து நாலு வயதில் மட்டக்களப்பிலிருந்து போய்க் கொழும்பில் மூன்று வருடம் இருந்தவன். ஓர் ஓவியக் கூடத்தின் கண்ணாடிக் கதவை மூன்று சனிக்கிழமைகள் கடந்து போனேன், உள்ளே போகவில்லை. கையில் காசு இல்லாதது காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அங்கே காசு கேட்கவேயில்லை. செருப்பு பழசு, ஆங்கிலம் தடுமாறும், காவலாளி என்ன கேட்பானோ என்ற பயம். நாலாவது வாரம் மழை பெய்ததால் ஒதுங்க உள்ளே போனேன். காவலாளி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: குடையை வெளியே வைக்க முடியுமா? என்னிடம் குடையே இல்லை.

அந்தக் கூச்சம் உங்களுக்கும் இருந்தால் கோயில் வாசலில் தொடங்குங்கள், அங்கே நமக்குப் பழக்கம் உண்டு. பொரளையில் கோதமி விகாரை இருக்கிறது. புத்தரின் வாழ்க்கையை ஜோர்ஜ் கீற் அதன் சுவர்களில் தீட்டியிருக்கிறார். இவர் 1943இல் கூடிய ‘43 குழு’ ஓவியர்களில் ஒருவர். வெள்ளை உடுப்போடு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் போதும். கொச்சிக்கடைப் பக்கம் போனால், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில். தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம், அருங்காட்சியகத்தில் அது நடக்காது. வெசாக் இரவுகளில் தோரணங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். புத்தரின் முற்பிறப்பைச் சொல்லும் சாதகக் கதையைப் பலகை பலகையாக வரைந்து, விளக்கு ஓடவிட்டு, ஒலிபெருக்கியில் பாட்டாகச் சொல்வார்கள். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்தாலும் விளங்கும். பாதிப் பாட்டு விளங்காத கூத்தையே விடிய விடியப் பார்த்த ஆட்கள் நாம். தன்சல் என்ற இலவசச் சாப்பாடும் உண்டு, மாதக் கடைசிக்கு அது சிறு உதவியல்ல.

உங்கள் அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. நூலகம் உண்டு, சொற்பொழிவும் நூல் வெளியீடும் அடிக்கடி நடக்கும். வெளியீட்டு விழா என்றால் கடைசி வரிசையில் இருங்கள். முன்வரிசையில் இருந்தால் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுப் பிரதி தருவார்கள், பதிலுக்கு உறை கொடுக்க வேண்டிவரும்!

டிக்கெட்டே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று வாங்குங்கள். ஆனால் ஐயாயிரத்துக்கு வேண்டாம். நாடகமானால் மாடி இருக்கைக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு, சத்தமும் நன்றாகவே கேட்கும். பகல் காட்சி இருந்தால் அதற்கே போங்கள். இரவு முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு நாடகம் பார்க்கலாம், வீட்டிலும் அம்மா தூங்குவார். அறைத்தோழிகளில் ஒருத்தியை இழுத்துக்கொண்டு போங்கள். வர மறுத்தால் தனியே போங்கள், யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

அப்பா எப்போதாவது கொழும்புக்கு வருவார்தானே, கிளினிக்குக்கோ உங்களைப் பார்க்கவோ? அவரை அம்மையாருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். அந்தக் கை தாளத்தைப் பிடித்திருக்கிற பிடி சரியா, அந்தப் பிடியில் விடியும்வரை போட முடியுமா என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.